ஃபேன்டஸி நாவலைத் திரைக்கதை ஆக்குவது: முதல்முறை எழுத உட்காருபவர்களுக்கு

ஃபேன்டஸி நாவலைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் சிஜி, அதாவது கணினியில் உருவாக்கும் காட்சிகள். டிராகனை யார் செய்வது, அதற்குப் பணம் யார் கொடுப்பது? எனக்கும் அந்தப் பயம்தான் இருந்தது. நாலைந்து கதைகளைக் கிளறிப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, கழுத்தைப் பிடிக்கிற விஷயம் வேறு. அந்த டிராகனைப் பற்றிப் பார்க்கிறவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், அது எந்த நிமிடத்தில் தெரிய வேண்டும், யார் மூலமாகத் தெரிய வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதுதான் முக்கால்வாசி வேலை.

நாவலாசிரியர் "இந்த நாட்டில் மந்திரம் இப்படித்தான் பலிக்கும்" என்று ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். புரியாவிட்டால் வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் அப்படித் திருப்ப முடியாது. அவருக்குப் பத்து நிமிடம் புரியவில்லை என்றால் போனை எடுத்துவிடுவார்.

எழுதும் முன் உரிமை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் தவிர்க்க முடியாது. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. அதுவரை நாவலைப் படமாக்க அவரிடமோ வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பதிப்பகத்தில் கேட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். திரை உரிமை பெரும்பாலும் எழுத்தாளர் கையிலேயே இருக்கும்.

ஒப்பந்தத்தில் காலத்தையும் எல்லையையும் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சட்டமே எழுதிக்கொள்ளும்: காலம் குறிப்பிடாத ஒப்படைப்பு (உரிமையை எழுதிக்கொடுப்பது) 5 ஆண்டுதான், இடம் குறிப்பிடாதது இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், வாங்கிய உரிமையை ஓராண்டு பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதி ஆகிவிடும் என்றும் இருக்கிறது. ஃபேன்டஸிக்கு ஓராண்டு என்பது ஒன்றுமே இல்லை. ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

பழகுவதற்கு மட்டும் எழுதுகிறீர்களா? அப்படியானால் நாட்டுப்புறக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நீங்களே மூன்று பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். அந்தக் கதை கீழே வரும்.

மூன்று முறை படிப்பது

முதல் முறை பேனா இல்லாமல், சாதாரண வாசகராகப் படியுங்கள். முடித்துவிட்டு ஒரு வாரம் நாவலைத் தொடாதீர்கள். அப்புறம் நினைவில் இருப்பதை மட்டும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஊர் பேர் மறந்திருக்கும், மூன்று இளவரசர்கள் ஒருவராகி இருப்பார்கள், சண்டைகள் கலந்து போயிருக்கும். பரவாயில்லை. அந்தப் பக்கத்தில் மிஞ்சி நிற்பதுதான் உங்கள் படத்தின் எலும்புக்கூடு. பத்திரமாக வையுங்கள், பின்னால் வழி தவறும்போது அதுதான் கைகொடுக்கும்.

இரண்டாம் முறை மூன்று நிறப் பென்சில்கள். கண்ணால் பார்க்க, காதால் கேட்க முடிகிறவற்றுக்குப் பச்சை. எழுத்தாளர் நேரடியாக நம்மிடம் விளக்குவதற்குச் சிவப்பு. பாத்திரத்தின் மனசுக்குள் நடப்பதற்கு நீலம். ஃபேன்டஸி நாவலில் முதல் நூறு பக்கம் சிவப்பாக வழியும். பயப்படாதீர்கள். பச்சையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சிவப்பையும் நீலத்தையும் பச்சையாக மாற்றுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மூன்றாம் முறை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு அட்டை போடுங்கள். யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, முடிவில் என்ன மாறியது. மூன்று வரி போதும். எதுவுமே மாறாத அட்டைகளைத் தனியாகக் கட்டி வையுங்கள், கிழிக்க வேண்டாம்.

எந்த விதியைக் காப்பாற்றப் போகிறீர்கள்?

சாதாரண நாவல் என்றால் "இது யாருடைய கதை" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஃபேன்டஸியில் கூடவே இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்தக் கதை அந்த உலகத்தின் எந்த ஒரு விதியின், எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறது?

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நல்ல பாடம். ஃப்ரோடோ என்ற ஹாபிட் (குட்டை உருவ இனத்தவன்) ஒரு தீய மந்திர மோதிரத்தை அழிக்கப் போகிற கதை. டோல்கீனின் நாவல் 1954, 55இல் மூன்று பாகமாக வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களும் (2001, 2002, 2003) தியேட்டர் பதிப்பில் சேர்த்து 558 நிமிடம். ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கிடைத்தும் நிறைய வெட்ட வேண்டியிருந்தது. ஜாக்சன், ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் மூவரும் எதை வெட்டினார்கள், எதை மாற்றினார்கள் என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை ஒரே விதியைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று எனக்குப் படுகிறது: அந்த மோதிரத்தை யாராலும் எதிர்க்க முடியாது.

நாவலில் டாம் பாம்பாடில் என்று ஒருவர் வருவார். காட்டில் பாடிக்கொண்டு திரிவார். மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுக்கொள்வார், ஒன்றுமே ஆகாது. படிக்கும்போது அது ஒரு ஆனந்தமான புதிர். ஆனால் படத்தில் முதல் ஒரு மணி நேரத்துக்குள், மோதிரம் எவ்வளவு பயங்கரமானது என்று நம்ப வைக்கப் போராடிக்கொண்டிருக்கும்போது, ஒருவர் வந்து அதை விளையாட்டுச் சாமானாக்கினால் பார்க்கிறவர் பயத்தை விட்டுவிடுவார். படத்தில் அவர் இல்லை. அவருடைய ரசிகர்கள் இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள், நானும் அதில் ஒருவன்தான். இருந்தாலும் அந்த வெட்டு சரி.

ஃபாரமிர் என்ற படைத்தலைவர் விஷயமும் இதே. நாவலில் அவர் மோதிரத்துக்கு ஆசைப்படாமல் ஃப்ரோடோவை அனுப்பி வைக்கிறார். படத்தில் ஆசைப்பட்டு, ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் பிடித்துக்கொண்டு போய், அப்புறம்தான் மனம் மாறுகிறார். நாவலின் உயர்ந்த மனிதரைத் தாழ்த்திவிட்டார்கள் என்ற கோபம் நியாயமானதே. ஆனால் விதியைத் தேர்ந்தெடுத்தபின் அதற்கு விலக்குக் கொடுத்தால் கதை ஒழுகும்.

உங்கள் நாவலுக்கும் அந்த ஒரு வரியை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "மந்திரம் சொன்னால் ஆயுசு குறையும்." "உண்மையான பெயர் தெரிந்தால் யாரையும் கட்டலாம்." எந்தக் காட்சி அதற்கு எதிராகப் பேசுகிறதோ, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

தகவலை எங்கே வைப்பது

இங்கே கொஞ்சம் உட்காருவோம். முதல்முறை எழுதுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டோல்கீனின் நாவலில் மோதிரத்தின் வரலாற்றை மந்திரவாதி கேண்டால்ஃப் இரண்டாம் அத்தியாயத்தில் ஃப்ரோடோவின் வீட்டில் உட்கார்ந்து நீளமாகச் சொல்கிறார். மிச்சம் எல்ஃப்கள் என்ற சாகாவரம் பெற்ற இனத்தாரின் ஊரான ரிவென்டலில் நடக்கும் நெடிய ஆலோசனைக் கூட்டத்தில் வருகிறது. இரண்டுமே ஆட்கள் உட்கார்ந்து பேசும் அத்தியாயங்கள். படம் அதைப் பிய்த்து, வரலாற்றை மட்டும் ஏழு நிமிட முன்கதையாகத் தொடக்கத்தில் போட்டது. வாய்ஸ் ஓவர் (பின்னணிக் குரல்) இருக்கிறது, ஆனால் வேலையைச் செய்வது படங்கள். மோதிரம் தானாக, அதை முன்பு கைப்பற்றிய அரசன் இசில்டுரின் விரலிலிருந்து நழுவுகிறது, அடுத்த நொடி அம்பு பாய்கிறது. மோதிரத்துக்குச் சொந்தமாக ஒரு விருப்பம் உண்டு என்று நாம் அங்கேயே கற்றுக்கொண்டுவிட்டோம். அதற்குப் பிறகு யார் அதைக் கையில் எடுத்தாலும் நமக்கு அடிவயிறு கலங்கும்.

இதைப் பார்த்துவிட்டு எல்லோரும் முன்கதையும் வாய்ஸ் ஓவரும் வைக்க ஆரம்பித்தால் ஆபத்து. "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்..." என்று ஆரம்பிக்கும் திரைக்கதைகளில் பாதி, எழுதியவர் சிவப்பு வரிகளை என்ன செய்வது என்று தெரியாமல் முன்னால் கொட்டியவைதான். முன்கதையில் ஏதாவது ஒன்று நடந்து, அதன் விளைவு முதல் காட்சியில் கதவைத் தட்ட வேண்டும். அப்படி இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு முதலில் எடுத்த பைலட்டின் (சோதனைக்காக எடுக்கும் முதல் பகுதியின்) கதை உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். தயாரிப்பாளர்கள் அதை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு வீரன் ஜெய்மியும் ராணி செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே புரியவில்லை. அந்தப் பகுதியின் முடிவே அவர்கள் இருவரின் கள்ள உறவை ஒரு சிறுவன் பார்த்துவிடுவதும், ஜன்னலிலிருந்து தள்ளப்படுவதும்தான். உடன்பிறப்பு என்று தெரியாவிட்டால் அது சாதாரணக் கள்ளக்காதல், அவ்வளவுதான். எழுதியவர்கள் நாவல்களில் ஊறியவர்கள், அவர்களுக்கு அது சொல்லாமலே தெரிந்த விஷயம். பைலட்டின் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். 2011இல் ஒளிபரப்பான வடிவத்தைப் பாருங்கள்: அரசர் பரிவாரம் வந்து இறங்கும்போது சிறுமி ஆர்யா அக்காவிடம் ஜெய்மியைக் காட்டி, ராணியின் இரட்டைச் சகோதரன் என்கிறாள். அக்கா எரிந்து விழுகிறாள். வேடிக்கை பார்க்கும் ஒரு குழந்தை வாயால் அந்தத் தகவல் வருவதால் பாடம் நடத்துவதாகத் தெரியவில்லை. முக்கியமான தகவலை இரண்டு வேறு ஆட்கள் வாயால், இரண்டு வேறு மனநிலையில் வர வையுங்கள்.

சரி, செய்து பார்ப்போம். நான் பழகுவதற்கு எழுதிக்கொண்ட கதையில் இப்படி ஒரு பத்தி:

"அந்த ஊரில் நிழலை அடகு வைக்கலாம். நூறு ஆண்டுகளாக அதுதான் வழக்கம். வைத்தவர் வெயிலில் நடந்தால் தரையில் எதுவும் விழாது. நாளாக ஆக ஊரார் அவர் பெயரை மறக்கத் தொடங்குவார்கள். ஓராண்டுக்குள் மீட்காவிட்டால் பெற்ற பிள்ளையும் மறந்துவிடும். அம்மா தன் நிழலை வைத்துவிட்டாள் என்பது வள்ளிக்கு ஏழு வயதில்தான் தெரிந்தது."

எல்லாமே சிவப்பு. முதல் வரைவில் நான் என்ன செய்தேன் தெரியுமா? கிழவர் ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்து, வள்ளிக்கு இதையெல்லாம் சொல்ல வைத்தேன். ஒன்றரைப் பக்கம். அந்த ஊரிலேயே பிறந்த குழந்தைக்கு ஊர் வழக்கத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கே கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது வரைவு இது:

*காட்சி 4. வெளியே. கடைத்தெரு. மாலை.*
*சாய்ந்த வெயில். நீள நீளமான நிழல்கள். வள்ளி (7) நிழல் மிதித்து விளையாடிக்கொண்டே வருகிறாள். பழக்காரியின் நிழலில் ஒரு குதி. சைக்கிளின் நிழலில் ஒரு குதி. ஓடும் நாயின் நிழலைத் துரத்துகிறாள், தப்பிவிடுகிறது. சிரித்துக்கொண்டே அம்மா பக்கம் திரும்பிக் காலைத் தூக்குகிறாள். வைக்க இடமில்லை. தூக்கிய கால் அப்படியே நிற்கிறது.*
*அம்மா அவள் கையைப் பிடித்து டீக்கடையின் கீற்றுப் பந்தலுக்குள் இழுக்கிறாள்.*
*டீக்கடைக்காரர்: வாம்மா... (பெயர் வாயில் வரவில்லை. நெற்றியைத் தேய்க்கிறார்.) ரெண்டு டீயா?*
*அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.*

விதி வந்துவிட்டது, அதற்கான விலையும் வந்துவிட்டது, யாரும் எதையும் விளக்கவில்லை. நூறு ஆண்டு வழக்கம் என்பதை விட்டுவிட்டேன், யாருக்கும் வேண்டாம். ஓராண்டுக் கெடு மட்டும் வேண்டும். அது அடுத்த காட்சியில் அரிசிப் பானைக்குள் அம்மா ஒளித்து வைத்திருக்கும் அடகுச் சீட்டில் தேதியாக வருகிறது. 'அடகு' என்ற சொல்லே அங்கேதான் முதன்முதலில் வருகிறது. அதற்குள் பார்க்கிறவர் பாதியை ஊகித்திருப்பார், சீட்டைப் பார்த்ததும் 'அடடே' என்பார். அந்த 'அடடே'யை அவருக்கே விட்டுவிடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.

ஒரு அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வரைவில் இந்தக் காட்சிக்கு 'உச்சி வெயில்' என்று போட்டிருந்தேன். கேமரா வேலை பார்க்கும் நண்பர் படித்துவிட்டுச் சிரித்தார். உச்சி வெயிலில் நிழல் காலடியில்தானே சுருண்டு கிடக்கும், அதை எப்படி மிதித்து விளையாடுவது? காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத தப்பு. மந்திரம் எதுவானாலும் அது எந்த வெளிச்சத்தில், எந்த இடத்தில் நடக்கிறது என்று நின்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

மனசுக்குள் நடப்பதை வெளியே கொண்டுவருவது

நீலப் பென்சில் வேலைக்கு ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004இல் எடுத்த 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' பாருங்கள். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய நாவல். சோஃபி என்ற இளம்பெண் சாபத்தால் கிழவியாகிறாள். படத்தில் அவள் வயது நிலையாக இருப்பதில்லை. தூங்கும்போது இளமை திரும்புகிறது, துணிந்து பேசும்போது சுருக்கங்கள் மறைகின்றன, தன்னைக் குறைத்துப் பேசியதும் திரும்ப முதுகு வளைகிறது. அவள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை. உங்கள் நாவலின் மந்திரத்திடமே இந்த வேலையை ஒப்படைக்க முடியுமா என்று பாருங்கள். யதார்த்தக் கதை எழுதுபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

நல்ல வசனத்தை இடம் மாற்றுவதும் ஒரு வழி. மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போ, கொல்லம் என்ற பிராணியிடம் காட்டிய இரக்கம் பற்றியும், நமக்குக் கிடைத்த காலத்தை என்ன செய்வது என்பது பற்றியும் கேண்டால்ஃப் பேசுவது நாவலில் ஃப்ரோடோ வீட்டிலேயே, பயணம் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. படத்தில் அதை மோரியா சுரங்கத்தின் இருட்டுக்குள் தள்ளிப் போட்டார்கள். ஃப்ரோடோ களைத்துவிட்டான், பின்னால் கொல்லம் தொடர்ந்து வருவது தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் கேண்டால்ஃபும் விழப்போகிறார். பேச்சு அதேதான், எடை பல மடங்கு. நாவலில் உங்களுக்குப் பிடித்த வரி ஒன்று அங்கே சப்பென்று கிடந்தால் அழிக்காதீர்கள், பத்து இருபது காட்சி தள்ளி வைத்துப் பாருங்கள்.

வெட்டுவது

டோல்கீனிடமே 1957இல் ஒரு திரைக்கதைச் சுருக்கம் போனது. அவர் கடிதங்களில் சலித்துக்கொண்டதை எழுத்தாளர்கள் படிக்க வேண்டும். தேர்ந்தெடுத்துச் சுருக்கினால் நன்றாக இருக்கும், இதுவோ எல்லாவற்றையும் அமுக்கித் திணித்திருக்கிறது, நெரிசலும் குழப்பமும்தான் மிச்சம் என்ற பொருளில் எழுதினார். பயணங்களைச் சுருக்கக் கழுகுகளைக் கண்ட இடத்திலெல்லாம் பறக்க விட்டிருந்ததையும், எல்ஃப்களின் பயண ரொட்டியை ஏதோ சத்துணவுப் பொட்டலம் போலக் குறிப்பிட்டிருந்ததையும் பொறுக்கவில்லை அவரால். அவர் கோபம் வெட்டியதற்காக மட்டும் இல்லை, அந்த உலகத்தின் வாசனை தெரியாமல் வெட்டியதற்காக.

ஆகவே பத்து நிகழ்ச்சிகளைப் பாதிப் பாதியாக வைப்பதைவிட ஐந்தை முழுசாக வையுங்கள். இரண்டு பாத்திரம் ஒரே வேலையைச் செய்தால் ஒன்றாக்குங்கள். நாவலில் காயம்பட்ட ஃப்ரோடோவைத் தேடி வரும் எல்ஃப் வீரன் குளோர்ஃபின்டெல் அதற்குப் பிறகு கதையில் பெரிதாக எதுவும் செய்வதில்லை. படத்தில் அந்த வேலை எல்ஃப் பெண் ஆர்வெனுக்குப் போனது. நாவலில் பெரும்பாலும் பின்னணியிலேயே இருப்பவள் ஒரே காட்சியில் நம் மனதில் உட்கார்ந்துவிடுகிறாள். தனியாகக் கட்டி வைத்த அட்டைகளை இப்போது எடுத்துப் பாருங்கள், இப்படி ஜோடி சேர்க்க ஏதாவது கிடைக்கும்.

பட்ஜெட்டும் பேச்சும்

பணத்தைத் தயாரிப்பாளர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீசனில் ஒரு பெரிய போர். நாவலில் செர்சியின் தம்பி டிரியன் அதில் சண்டை போடுகிறான். தொடரில் போர் தொடங்கும்போதே சொந்தப் படையின் காலடியில் அடிபட்டு மயங்கி விழுகிறான், கண் விழிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. செலவு மிச்சம், அவன் குணத்துக்கும் பொருந்துகிற நகைச்சுவை. இந்த மாதிரித் தந்திரம் எழுத்து மேசையில் பிறந்தால்தான் இயல்பாக இருக்கும். கடைசி நேரத்தில் படப்பிடிப்பில் வெட்டினால் ஓட்டை தெரியும்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் கேட்டு எழுதுங்கள்: இந்த மந்திரத்தைச் சத்தத்தால் காட்டலாமா? நிழலால்? பார்த்தவரின் முகத்தால்? 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் உயரம் குறைந்த ஹாபிட்டுகளைக் காட்டப் பல இடங்களில் ஒரு நடிகரைக் கேமராவுக்கு அருகிலும் இன்னொருவரைத் தள்ளியும் உட்கார வைத்தே வேலையை முடித்தார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு தலைவலி, பேச்சு. ராஜா, மந்திரவாதி என்றதும் கை தானாக நாடகத் தமிழுக்குப் போய்விடும். "யாரங்கே" ஒன்று வந்துவிட்டால் அடுத்த இருபது பக்கமும் அதே தாளத்தில்தான் ஓடும். நேர் எதிராக டிராகனை "மச்சி" என்று கூப்பிட வைத்தால் முதல் காட்சியில் சிரிப்பு வரும், பத்தாவது காட்சியில் உலகமே உடைந்துவிடும். எனக்கு ஒத்து வந்த வழி: வட்டார அடையாளம் குறைந்த எளிய பேச்சுத் தமிழ், சின்ன வாக்கியம். அந்த உலகத்துக்கே உரிய சொல் நாலைந்து மட்டும். பார்க்கிறவர் அதற்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்.

எழுதும் வரிசை

நேரே காட்சி எழுத உட்காராதீர்கள். முதலில் ஒன்லைன் (கதையின் சுருக்கம்), அப்புறம் சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசைப் பட்டியல்), அதன் பிறகுதான் வசனத்தோடு காட்சிகள். ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஃபேன்டஸியில் அரைப் பக்கப் போர் ஐந்து நிமிடம் ஓடும், அதனால் கணக்கைக் கையிலேயே வைத்திருங்கள். சீன் ஆர்டர் எழுதும்போது நாவலை மூடி வையுங்கள். முதல் முறை படித்து ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதிய அந்த ஒரு பக்கம் மட்டும் மேசையில் இருக்கட்டும்.

சீன் ஆர்டர் முடிந்ததும் நாவலைப் படிக்காத ஒருவரைப் பிடியுங்கள். ரசிகரிடம் கொடுத்தால் பயனில்லை, இல்லாததையும் அவரே நிரப்பிக்கொள்வார். படித்தவரை "எப்படி இருக்கு" என்று கேட்காதீர்கள். கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாமல், எங்கே தடுமாறுகிறார், எதைத் தப்பாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

நிழல் கதையை என் பெரியம்மாவிடம் கொடுத்தேன். நிழல், சீட்டு, கெடு எல்லாம் சரியாகச் சொன்னார். அப்புறம், "அது சரி, அந்த அம்மா பேரென்ன?" என்றார். புரட்டிப் பார்த்தேன். ஏழு காட்சி எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் பெயர் இல்லை. ஊர் மறக்கப்போகிற பெயரை நான் யாருக்கும் சொல்லவே இல்லை, பிறகு டீக்கடைக்காரர் திணறினால் யாருக்கு உறைக்கும்? முன்னால் ஒரு சின்னக் காட்சி சேர்த்தேன். தண்ணீர்க் குழாயடி, நெரிசல், அதே டீக்கடைக்காரர் தெருவின் அந்தக் கோடியிலிருந்து கத்துகிறார்: "செண்பகம், உன் குடம் நிரம்பி வழியுது பாரு!" நிழல் காட்சி இப்போது ஐந்தாவது.